நகர வானமும் நமது கடமையும்

தமிழ் மக்களிலே தமது ஜன்ம நக்ஷத்திரத்தின் பெயரை அறியாதவர் அரியர். கார்த்திகை என்றும், மகம் என்றும், திருவோணம் என்றும் சிறு குழந்தையும் தன் நக்ஷத்திரத்தைச் சொல்லும். கோயில் அர்ச்சனையிலும், ஜாதகக் கட்டிலும், கல்யாணப் பேச்சிலும் அப்பெயர் தவறாமல் இடம் பெறுகிறது. ஆயினும், "அந்த நக்ஷத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது? சுட்டிக் காட்டுங்கள்" என்று கேட்டால், சென்னை போன்ற பட்டணத்தில் வாழும் கற்றவர்களில் எத்தனை பேர் விடை கூற முன்வருவர்? பெயரைக் காப்பாற்றிக்கொண்டு பொருளை இழந்துவிட்டவர்களாக நாம் நிற்கின்றோம். இந்நிலை ஒரு சுதந்திர ஜன சமூகத்திற்குப் பெருமை தருவதன்று.

இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று நமது அசிரத்தை. மற்றொன்று நமது விளக்குகள். தெரு விளக்குகளும், விளம்பரப் பலகைகளும், மாளிகைகளின் அலங்கார தீபங்களும் தரையில் விழ வேண்டிய ஒளியை மேல் நோக்கி வீசுகின்றன. காற்றிலுள்ள தூசும் ஈரமும் அவ்வொளியைச் சிதறடித்து, ஊரின் மேல் ஒரு மங்கிய திரையை விரித்துவிடுகின்றன. அத்திரைக்குப் பின்னே ஆகாய கங்கை மறைந்து கிடக்கிறது. 2016-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்ட உலக வரைபடத்தின்படி, மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்கினர் தம் இருப்பிடத்திலிருந்து ஆகாய கங்கையைக் காண இயலாதவர் ஆவர். பல தேசங்களிலும் சாதாரண ஜனங்கள் வெறுங்கண்ணால் பார்த்து எழுதியனுப்பிய குறிப்புகளைத் திரட்டி 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியோ, 2011 முதல் 2022 வரையில் வானத்தின் செயற்கை வெளிச்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வளர்ந்து வந்தது என்று தெரிவிக்கிறது. இவ்வேகத்தில், ஒரு குழந்தை பிறக்கும்போது 250 நக்ஷத்திரங்கள் தெரிந்த இடத்தில், அது 18 வயதை அடையும்போது 100 மட்டுமே தெரியும்.

இதைக் கேட்டவுடன், "பட்டணத்தில் இருந்துகொண்டு வான சாஸ்திரம் பயில்வது வீண்" என்று முடிவு கட்டுவோர் உளர். அது பெருந்தவறு. வெளிச்சத் திரை மறைப்பது மங்கலான பொருள்களையே. சந்திரனையோ, சுக்கிரனையோ, வியாழனையோ, சனியையோ, பிரகாசமான நக்ஷத்திரங்களையோ அது மறைக்க வல்லதன்று. சந்திரனிலுள்ள மலைகளைக் காவலூர்க் குன்றிலிருந்து பார்ப்பினும், திருவல்லிக்கேணி மொட்டை மாடியிலிருந்து பார்ப்பினும் ஒன்றே. எஞ்சியிருக்கும் இச்செல்வத்தை முதலில் நாம் கைக்கொள்ள வேண்டும். எஞ்சியதை அனுபவித்தவனுக்கே இழந்ததன் அருமை தெரியும். அருமை தெரிந்தவனே அதை மீட்கப் போராடுவான். இதுவே நாம் இன்று கூற விரும்புவது.

சென்னைக்கும் வான சாஸ்திரத்திற்கும் உள்ள தொடர்பு புதிதன்று. 1786-இல் கும்பெனி உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி என்பவர் எழும்பூரில் தம் சொந்த ஆசையின் பொருட்டு அமைத்த சிறு நிலையமே பின்னர் கும்பெனியாரால் ஏற்கப்பட்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் பெற்றது. அக்காலத்துக் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் வளாகத்தில் நிற்கிறது. கணித சாஸ்திரங்களை ஆசியாவில் முதன்முதலாக நட்டது ஆங்கிலேயரின் தாராள குணமே என்பதை ஆயிரம் வருஷம் கழித்துப் பிறப்போரும் அறிய வேண்டும் என்பது அந்நிலையத்தை எழுப்பியோரின் கருத்து. 499-ஆம் ஆண்டிலேயே பூமியின் சுழற்சியைக் கூறிய ஆர்யபடர் பிறந்த தேசத்தில் இப்படியும் ஒரு கருத்து! அதே நிலையத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்து சென்ற அபூர்வ நிகழ்ச்சியை நம் ஜனங்களும் உணர வேண்டுமென்று தேச பாஷைகளில் நூல் வெளியிட்டார். சாஸ்திரத்தை அந்நியர் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து நம் திண்ணைக்குக் கொண்டு வந்த அப்பெரியாரின் வழியே நமக்கும் வழி.

இனித் தொடங்கும் முறையைக் கூறுவோம். முதற் கருவி கண். அதற்கு விலையில்லை. மொட்டை மாடியில் விளக்கு நேரே கண்ணில் படாத ஒரு மூலையைத் தேர்ந்து, 20 அல்லது 30 நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் கண் இருளுக்குப் பழகும். இடையில் ஒருமுறை கைப்பேசியின் வெண்மையான திரையைப் பார்த்தாலும் அப்பழக்கம் கெட்டுவிடும். குறிப்பு எழுத வெளிச்சம் வேண்டுமாயின் சிவப்புக் காகிதம் சுற்றிய சிறு விளக்கே போதும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால், அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. வடக்கே அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, 13 பாகை உயரத்தில், துருவ நக்ஷத்திரம் நிற்கும். சென்னையின் அக்ஷாம்சம் 13 பாகை என்பதற்கு அதுவே சாக்ஷி.

ஜனவரி மாத நடுவில் இரவு 8 மணிக்கு மேல் நோக்குங்கள். கார்த்திகை தலைக்கு மேல் இருக்கும். அதற்குச் சற்றுக் கிழக்கே செந்நிறமாகத் தெரிவது ரோகிணி. இன்னும் கிழக்கே வரிசையாக மூன்று நக்ஷத்திரங்கள் நிற்பதைக் காணலாம். அம்மூன்றுக்கு வடகிழக்கே சிவந்து ஒளிர்வது திருவாதிரை. மூன்றையும் ஒரு கோடாகத் தென்கிழக்கே நீட்டினால், வானத்து நக்ஷத்திரங்களில் மிகப் பிரகாசமான ஸிரியஸை அடையலாம். தெற்கே தாழ்வாக ஒளிர்வது அகஸ்தியர். ஏப்ரல் மாதத்தில் மகம் உச்சிக்கு வரும். மே மாதத்தில் சித்திரையும் சுவாதியும் மேலோங்கி நிற்கும். அம்மாத நடுவில் இரவு 9 மணிக்குத் தென் அடிவானத்தருகே தென் சிலுவையும் புலப்படும். லண்டன்வாசிகள் தம் ஊரிலிருந்து ஒருநாளும் காண முடியாத தென் சிலுவையையும், ஸிட்னிவாசிகள் காண முடியாத துருவ நக்ஷத்திரத்தையும் தமிழ்நாட்டார் தம் வீட்டிலிருந்தே காணலாம். இயற்கை நமக்கு அளித்துள்ள இந்த அநுகூலத்தை நாம் உணர்ந்தோமில்லை. ஓராண்டுக் காலம் மாதம் நான்கு இரவுகள் இவ்விதம் செலவிடுவோன், பஞ்சாங்கத்திலுள்ள 27 பெயர்களில் முக்கியமானவற்றையேனும் வானத்தில் வாசிக்கக் கற்றுவிடுவான்.

இரண்டாவது கருவி பைனாகுலர். அதன்மேல் 10x50 என்று பொறித்திருந்தால், பொருளைப் பத்து மடங்கு பெரிதாக்கும் என்றும், முன் கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றும் பொருள். கைகளைச் சுவரின் மேல் ஊன்றிப் பிடித்தால், 1610-இல் கலீலியோ கண்ட வியாழனின் நான்கு சந்திரர்களையும் காணலாம். வெறுங்கண்ணுக்குச் சிறு புகையாகத் தெரிந்த கார்த்திகை, பத்துப் பதினைந்து மணிகளாகச் சிதறி ஒளிரும்.

டெலஸ்கோப்பை இதற்குப் பிறகே வாங்க வேண்டும். கடைகளிலே, மெலிந்த குழாயொன்றைக் காட்டி, "ஐந்நூறு மடங்கு பெரிதாக்கும்" என்று விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கையாயிருங்கள். டெலஸ்கோப்பின் வலிமை பெருக்கத்தில் இல்லை. ஒளியை வாங்கும் கண்ணாடியின் அகலத்திலேயே இருக்கிறது. விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரு மடங்குக்கு மேல் பெருக்கினால் தெளிவு கூடாது, மங்கல்தான் கூடும். 60 மில்லிமீட்டர்க் குழாய்க்கு 120 மடங்கே எல்லை. ஜான் டாப்ஸன் என்பவர் பரப்பிய எளிய மரத் தாங்கியின் மேல் அமைந்த ஆறங்குலக் கண்ணாடி டெலஸ்கோப் ஒன்று, சனியின் வளையத்தையும், வியாழனின் பட்டைகளையும், பொன்னும் நீலமுமான இரட்டை நக்ஷத்திரங்களையும் பட்டணத்தின் நடுவிலிருந்தே காட்டும். தனி ஒருவருக்கு இது செலவெனின், படிப்பகமோ, வாலிபர் சங்கமோ, தெருவார் கூட்டமோ சேர்ந்து வாங்கலாம். பத்திரிகையைப் பலர் கூடிப் படித்தே தேசிய உணர்ச்சி வளர்ந்த நாடு இது. ஒரு டெலஸ்கோப்பைப் பலர் கூடிப் பார்ப்பதில் நமக்கு என்ன தடை?

ஓர் எச்சரிக்கையை மட்டும் கண்டிப்பாகக் கூறுகிறோம். பைனாகுலர் மூலமாகவோ, டெலஸ்கோப் மூலமாகவோ சூரியனை நேரே பார்க்கலாகாது. கணநேரத்தில் பார்வை போய்விடும். சூரியனுக்கென்றே செய்த வடிகட்டியைக் கருவியின் முன்முனையில் பொருத்தியோ, அட்டையிலிட்ட ஊசித் துளை வழியாக விழும் பிம்பத்தைக் காகிதத்தில் ஏந்தியோதான் பார்க்க வேண்டும்.

இனி வானத்தைப் படம் பிடிக்கும் கலை. ஒரு தலைமுறைக்கு முன் பெரிய நிலையங்களுக்கே உரியதாயிருந்த வித்தை, இன்று கைப்பேசி வைத்திருக்கும் மாணவனுக்கும் கைகூடியிருக்கிறது. டெலஸ்கோப்பின் கண்வில்லையில் கைப்பேசியை ஒட்டிப் பிடித்தால் சந்திரனின் பள்ளங்கள் அழகாகப் பதியும். பூரண சந்திரனைவிட அரைச் சந்திரனே இதற்கு ஏற்றது. ஏனெனில் ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டிலேதான் மலைகள் நிமிர்ந்து தெரியும். நக்ஷத்திரங்களைப் பிடிக்கக் காமிராவை முக்காலியில் நிறுத்த வேண்டும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அதிக நேரம் திறந்து வைத்தால் புள்ளிகள் கோடுகளாகிவிடும். முழுச் சட்டக் காமிராவாயின், 500-ஐ லென்ஸின் குவிய தூரத்தால் வகுத்து வரும் விநாடிகளே ஏறத்தாழ எல்லை. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 10 விநாடி. 20 மில்லிமீட்டருக்கு 25 விநாடி.

பட்டணத்தில் இந்த 25 விநாடிக்குள்ளாகவே படம் முழுவதும் வெளுத்துவிடும். அதற்கும் உபாயம் உண்டு. குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்து, கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண வேண்டும். நக்ஷத்திரம் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும். படத்தின் புள்ளிக் கலக்கமோ படத்துக்குப் படம் மாறும். ஆதலின் 100 படங்களை அடுக்கினால் கலக்கம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மிஞ்சி நிற்கும் வான வெளிச்சத்தை அப்பால் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். இதற்கான ஸிரில் முதலிய நிரல்களும், எந்த நாளில் எந்த நக்ஷத்திரம் எங்கே இருக்கும் என்று காட்டும் ஸ்டெல்லேரியமும் இலவசமாகவே கிடைக்கின்றன. கிரகங்களுக்கு வேறு முறை. சில நிமிஷ நேரம் சலனப் படமாக எடுத்து, காற்று அசையாத கணங்களில் பதிந்த தெளிவான பிம்பங்களை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பதே அது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின், ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள இரவுகள் சென்னைக்கு உகந்தவை.

"இவையெல்லாம் பொழுதுபோக்குத்தானே? தேசத்திற்கு என்ன பயன்?" என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு சரித்திரம் கூறுவோம். வங்கத்திலே ஜெஸ்ஸோர் என்னும் ஊரில், கஜானாவில் சொற்பச் சம்பள உத்தியோகம் பார்த்த ராதாகோவிந்த சந்திரர் என்பவர் இருந்தார். பள்ளிப் பரீக்ஷையில் தேறாதவர். மூன்றங்குல டெலஸ்கோப் ஒன்றை வாங்கி, ஒளி மாறும் நக்ஷத்திரங்களை இரவுதோறும் குறித்து வந்தார். 1918-இல் திடீரென்று தோன்றிய புது நக்ஷத்திரத்தைத் தாமே கண்டார். அமெரிக்காவிலுள்ள ஒளி மாறும் நக்ஷத்திர ஆராய்ச்சிச் சங்கத்தாருக்கு அவர் அனுப்பிய கணக்குகள் 37,000-க்கு மேற்பட்டவை. அவர்களே அவருக்குப் பெரியதொரு டெலஸ்கோப்பை அனுப்பி மரியாதை செய்தனர். அக்கருவி பிற்காலத்தில், சென்னையிலே பிறந்து இந்திய வான சாஸ்திரத்திற்குப் புத்துயிர் அளித்த வைணு பாப்புவின் கைக்கு வந்தது. பதவியும் பட்டமும் இல்லாத ஒருவர் பொறுமையொன்றையே மூலதனமாகக் கொண்டு உலகச் சாஸ்திரத்திற்குச் செய்த தொண்டு இது.

இத்தகைய தொண்டுக்குப் பட்டண வானம் தடையன்று. 2019 இறுதியில் நமது திருவாதிரை நக்ஷத்திரம் திடீரென்று மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் தன் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத் தாழ்ந்தது. சென்னையின் நட்ட நடுவிலிருந்தும் வெறுங்கண்ணால் காணத்தக்க மாறுதல் அது. ஆருத்ரா தரிசனத்திற்கு அதிகாலையில் எழுந்து கோயிலுக்குச் சென்றவர்களில், அந்த ஆதிரை வானத்திலே வாடி நின்றதைக் கண்டவர் எத்தனை பேர்?

இனி, அரசியல் தொண்டர்களான நமது வாசகர்களுக்கு நேரே உரிய விஷயத்திற்கு வருகிறோம். வானம் யாருடைய சொத்து? ஏரியும் ஆறும் மேய்ச்சல் நிலமும் பொதுச் சொத்து என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். அவற்றை ஒருவன் ஆக்கிரமித்தால் வழக்காடுகிறோம். இருண்ட வானமும் அவ்வாறே பொதுச் சொத்து. 1882-ஆம் ஆண்டின் இந்திய அனுபோக பாத்தியதைச் சட்டம், இருபது வருஷம் தடையின்றித் தன் வீட்டுக்கு வந்த வெளிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் மறைக்கலாகாது என்ற உரிமையை ஒப்புக்கொள்கிறது. எண்ணெய் விளக்குக் காலத்துச் சட்டம் அது. வேண்டாத வெளிச்சம் பிறர் வீட்டு மாடியிலும் படுக்கையறையிலும் வந்து பாயும் ஒரு காலம் வருமென்று அதை இயற்றியோர் எண்ணியிருக்க நியாயமில்லை. வெளிச்சத்தைப் பெறும் உரிமை உண்டெனில், அந்நிய வெளிச்சத்தை மறுக்கும் உரிமையும் நியாயத்தில் உண்டு. அதைக் கேட்டுப் பெறுவது ஜனங்களின் காரியம்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். "விளக்கைக் குறைத்தால் திருட்டும் விபத்தும் பெருகாவோ? பெண்கள் எவ்வாறு தெருவில் நடப்பர்?" நியாயமான கேள்வி. ஆனால் நாம் கோருவது தெருவில் இருளையன்று. தெருவின் வெளிச்சம் தெருவில் விழ வேண்டும் என்பதையே கோருகிறோம். விளக்கின் மேற்புறமும் பக்கங்களும் மூடப்பட்டு ஒளி கீழ்நோக்கி விழுமாயின், குறைந்த மின்சாரத்தில் பாதை நன்றாகத் தெரியும். கண்ணைக் கூசச் செய்யும் விளக்கோ, பார்ப்பவனின் கண்மணியைச் சுருக்கி, பக்கத்து நிழலை மேலும் கருமையாக்குகிறது. அந்நிழலே திருடனுக்குத் துணை. மேல் நோக்கிச் செல்லும் ஒளி எவனுக்கும் வழி காட்டுவதில்லை. அதற்கும் வரிப்பணமே செலவாகிறது.

விளக்கின் நிறத்திலும் கவனம் வேண்டும். பழைய மஞ்சள் நிற சோடியம் விளக்கின் ஒளி ஒரு குறுகிய நிறப் பகுதியில் அடங்கியது. வடிகட்டி கொண்டு அதில் பெரும்பகுதியை விலக்கலாம். நீலம் கலந்த வெண்மையான எல்.இ.டி. விளக்கின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவுவது. அதன் நீலப் பகுதி காற்றில் அதிகமாகச் சிதறுகிறது. 3,000 கெல்வினுக்கு மேற்படாத இளமஞ்சள் நிற எல்.இ.டி. விளக்குகளும் கிடைக்கின்றன. சிக்கனமும் கெடாது, வானமும் கெடாது.

வானத்தோடு நில்லாது கடற்கரைக்கும் இது சம்பந்தமுடையது. சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. மணலிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் எத்திசை அதிக வெளிச்சமோ அத்திசையைக் கடலென்று நம்பிச் செல்லும். ஊரின் விளக்கு கடலைவிடப் பிரகாசமாயிருந்தால், அவை சாலையை நோக்கி ஊர்ந்து மாளும். 1988 முதல் மாணவர்கள் இரவுதோறும் மணலில் நடந்து அம்முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகின்றனர். வானம் பார்ப்போரும் ஆமை காப்போரும் ஒரே வேண்டுகோளுடன் நகரசபை முன் செல்லலாம்.

இது முடியாத காரியமன்று. அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்து பிளாக்ஸ்டாப் என்னும் ஊரார், தம்மூர் வானிலையத்தின் பொருட்டு 1958-லேயே விளம்பரத் தேடொளி விளக்குகளைக் கட்டுப்படுத்தி விதி செய்தனர். 2001-இல் இருள் வானம் காத்த முதல் நகரம் என்ற பெயரையும் பெற்றனர். நம் தேசத்திலும் லடாக்கின் ஹான்லே பிரதேசம் 2022-இல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மஹாராஷ்டிரத்தின் பெஞ்ச் வனம் 2024-இல் அத்தகைய பெயரைப் பெற்றது. தமிழ்நாட்டிலோ ஜவ்வாது மலையில், காவலூரில், 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் டெலஸ்கோப் நிற்கிறது. 1977-இல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைப் பற்றிய சாக்ஷியத்தைப் பதிவு செய்த நிலையங்களில் காவலூரும் ஒன்று. 1988-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறு கிரகத்துக்கு நம் ராமானுஜத்தின் பெயர் சூட்டப்பட்டது. சுற்றியுள்ள ஊர்களின் விளக்குகள் வளர வளர, அக்கண்ணும் மங்கும். அந்நியர் நட்டதாகச் சொல்லிக்கொண்ட சாஸ்திரத்தை நம்மவர் வளர்த்துப் பலன் கண்ட பிறகு, அதை நம் விளக்காலேயே பட்டுப்போகச் செய்வது அறிவுடைமையாகுமா?

கார்த்திகையின் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகின்றன. தலைக்கோட்டைப் போர் முடிந்து சிறிது காலத்தில் புறப்பட்ட ஒளி அது. அத்தனை தூரம் வந்த ஒளியை வாசலருகே ஒரு விளம்பரப் பலகை மறித்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வாசகரையும் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஜனவரியில் சந்திரன் இல்லாத ஓரிரவில் மாடிக்குச் செல்லுங்கள். வீட்டுக் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஆறு மீன் என்று முன்னோர் எண்ணிய கார்த்திகையில் உங்கள் கண்ணுக்கு எத்தனை தெரிகிறது என்று எண்ணி, நாளும் நேரமும் இடமும் குறித்து ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் வீதியில் மேல் நோக்கி எரியும் விளக்குகள் எத்தனை என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். கையெழுத்திட்டு, உங்கள் வட்டத்துக் கவுன்ஸிலரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மறு ஆண்டும் அவ்வாறே செய்யுங்கள். எண்ணிக்கை ஏறினும் இறங்கினும் அது நகரசபையின் காரியத்திற்கு ஜனங்கள் எழுதும் கணக்காகும்.